வெர்மொன்ட்டுக்குக் கொடுத்த வாக்கு

“சொன்னால் சொன்னதுதான். அதிலை கதைக்க ஒண்டும் இல்லை,” என்றார் குலசிங்கம், 401 நெடுஞ்சாலையில் வாகனத்தை இடப்பக்கத் தடத்துக்கு மாற்றியபடி.

பின்னிருக்கையில் மகள் மயூரி இருந்தாள். மடியிலிருந்த பரிசுப் பையின் ரிபனை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவர்களுக்கு மூன்று கொண்டாட்டங்கள். வோபர்னில் யூட்சனின் மகனுடைய பிறந்தநாளுக்குப் போய், கேக் வெட்டுமுன்பே படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டாயிற்று. இப்போது ஏஜாக்ஸில் அன்புராசாவின் புதுவீட்டுக் குடிபூரல். அது முடிய மார்க்கம் நகரில் சீமோன் தம்பதியின் திருமண வெள்ளிவிழா. மூன்று இடத்திலும் முகம் காட்டாமல் குலசிங்கம் வீடு திரும்பமாட்டார்.

மயூரியின் சிக்கல் கூடைப்பந்தில் வந்தது. அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு சுற்றுப்போட்டியில் அவளுடைய ஆட்டத்தைப் பார்த்த மெலிசா என்ற பயிற்றுநர் தொலைபேசியில் அழைத்தார். வெர்மொன்ட்டில் உள்ள தங்கள் சிறிய கல்லூரியில் புலமைப்பரிசிலோடு இடம் தருகிறேன், வருவாயா என்று கேட்டார். முதன்முதலாக ஒருவர் கேட்ட சந்தோசப் புளுகத்தில் மயூரி யோசிக்காமலே ஓம் என்றாள். கையெழுத்து எதுவும் இல்லை, வாய்ச்சொல் மட்டுந்தான்.

இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. மிச்சிகனில் ஒரு கல்லூரி அதே புலமைப்பரிசிலைத் தருகிறது. அவள் ஆசைப்பட்ட தாதியியல் படிப்பும் அங்கே உண்டு. வெர்மொன்ட்டில் அந்தப் படிப்பே இல்லை. மெலிசாவோ இன்று ஆறு மணிக்குள் கடைசி முடிவு கேட்டிருந்தார். அந்த இடத்துக்கு இன்னொரு பெண் காத்திருக்கிறாளாம்.

“அப்பா, என்ரை ரீமிலை அரைவாசிப் பேர் சொன்ன வாக்கை மாத்திட்டினம். இற்ஸ் நோர்மல்.”

“அவை மற்றவையின்ரை பிள்ளையள். அந்த மனுசி ரெண்டு வருசமா உனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்குது. இப்ப எந்த முகத்தோடை வரமாட்டன் எண்டுறது?”

முன்னிருக்கையில் இருந்த தாய் நிரூபா கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்தாள். “பிள்ளை நேர்ஸ் ஆகாட்டியும் காரியமில்லை. உவரை ஒருத்தரும் குறை சொல்லக்கூடாது.”

அதுவும் உண்மைதான். மயூரியின் ஆட்டம் பற்றிக் கேள்விப்பட்டு அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தாலும், முதலில் தகப்பனின் கைத்தொலைபேசிக்குத்தான் வரும். குலசிங்கம் அதை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போய், நின்றபடியே, மிகுந்த மரியாதையோடு பேசிவிட்டு வருவார். ஒருவரையும் அவர் மனம் நோக விட்டதில்லை.

ஏஜாக்ஸில் புதுக் குளியலறையின் மாபிள் தரையைப் பாராட்டி, ஆளுக்கு ஒரு வடையோடு வெளியேறினார்கள். மார்க்கத்தில் மண்டபத்துக்கு முன்னால் வாகனத்தை நிறுத்தும்போது ஆறு மணியாகக் கொஞ்ச நேரமே இருந்தது.

தான் போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவதாகவும், வந்தவுடன் எல்லாரும் இருக்கத்தக்கதாக மெலிசாவுக்கு அழைத்து ‘வருகிறேன்’ என்று உறுதி சொல்லவேண்டும் என்றும் மகளிடம் சொல்லிவிட்டு, குலசிங்கம் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

கதவு சாத்தியதும் நிரூபா பின்னால் திரும்பினாள்.

“அவர் உள்ளுக்கை போயிட்டார். கோல் எடு.”

“அம்மா?”

“வந்தால் நான் பாத்துக்கொள்ளுறன். நேர்ஸா வரப்போறவள் ஒரு போனுக்குப் பயப்பிடுறதோ?”

மயூரி அழைத்தாள். தாதியியல், மிச்சிகன், மன்னியுங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மறுமுனையில் மெலிசா சிரித்தார். மனம் மாறுகிற பிள்ளைகள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு மறைந்துவிடுவதுதான் வழக்கம் என்றும், வாயால் சொன்ன முதல் ஆள் நீதான் என்றும் சொன்னார். நல்ல தாதியாக வரவேண்டும் என்று வாழ்த்தினார். தங்கள் அணிக்கு எதிராக ஆட வந்தால் கொஞ்சம் இரக்கம் காட்டும்படியும் கேட்டுக்கொண்டார்.

மயூரி கதவைத் திறந்து பாய்ந்து இறங்கித் துள்ளினாள். நிரூபா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவளோடு சேர்ந்து குதித்தாள். பக்கத்தில் வாகனம் நிறுத்த வந்த ஒருவர் இருவரையும் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார்.

அப்போதுதான் குலசிங்கம் ஒரு தட்டில் மூன்று ரோல்ஸோடு வந்து நின்றார்.

“அப்பா, நான் மெலிசாவுக்கு வரமாட்டன் எண்டு சொல்லிட்டன்,” என்றாள் மயூரி.

குலசிங்கம் தட்டை வாகனத்தின் மேல் வைத்தார். நிரூபா சண்டைக்கு ஆயத்தமாக ஓர் அடி முன்னே வந்தாள்.

“ஏசினவவோ?” என்று மெல்லக் கேட்டார் அவர்.

“இல்லையப்பா. சிரிச்சவ. குட் லக் எண்டு சொன்னவ.”

“வரமாட்டன் எண்டு சொன்னாப் பிறகோ?”

“ஓம்.”

குலசிங்கத்தின் முகத்தில் பல நாட்களாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டார். மண்டப வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் கைத்தொலைபேசியை எடுத்து மகளின் கையில் வைத்துப் பொத்தினார்.

“அப்ப, நான் ஓம் எண்டு சொல்லி வச்சிருக்கிற மற்ற நாலு கொலிஜ் கோச்மாருக்கும் நீயே சொல்லிவிடு, பிள்ளை.”