சாப்பாட்டு நேரத்துத் தலைவலி

மதிய மணி அடித்ததும் அச்சகத்தின் இயந்திரம் பெருமூச்சு விட்டு நிற்கிறது. சன்னல் வெயிலில் காகிதத் தூள் மிதக்கிறது. புதிதாகச் சேர்ந்த மெஷின்காரன் டிபன் டப்பாவைத் திறந்து, நெற்றியை விரல்களால் அழுத்தியபடி கண்ணை மூடுகிறான். செய்வது ஜெபம், காட்டுவது தலைவலி. கர்த்தர் கண்டுகொள்ள வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பது அவன் ஏற்பாடு. அது நன்றாகத்தான் நடக்கிறது, 'தலைவலி' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் டப்பா மூடியில் ஒரு மாத்திரை. "முழுங்கு தம்பி. தினமும் சாப்பாட்டு நேரத்துக்குன்னு வருதுன்னா சும்மா விடக் கூடாது" என்கிறாள் பைண்டிங் அக்கா. எதிரே, ஆளையே கேலியில் வறுத்தெடுக்கும் ஃபோர்மேன். முழுங்கினால் மானம் தப்பும். மாத்திரை ஒன்றும் அறியாத பிள்ளைபோல் கிடக்கிறது. அவன் காது சுடுகிறது. பாரத்தைக் கர்த்தர்மேல் போட்டுவிட்டு வாயைத் திறக்கிறான். "தலைவலி இல்லக்கா. ஜெபம். நீங்கல்லாம் சிரிப்பீங்கன்னுதான்..." "அடப்பாவி!" ஃபோர்மேன் கரண்டியைக் கீழே வைக்கிறார். "உனக்கு வலிக்குமேன்னு இத்தன நாளா ரேடியோவப் போடாம, வாய மூடிக்கிட்டுத் திங்கிறோமேடா! அந்த மாத்திரைய இப்படித் தள்ளு. இப்ப எனக்குத்தான் வலிக்குது."

அவன் அலமாரியைப் பார்க்கிறான். ரேடியோமேல் தூசி படிந்திருக்கிறது. "இப்பவாவது போடட்டுமா?" என்று அக்கா எழுந்திருக்கிறாள். "ஒரு நிமிஷம்க்கா." அவன் மறுபடியும் கண்ணை மூடுகிறான், இம்முறை கை நெற்றிக்குப் போகவில்லை. சோற்றுக்கு நன்றி முன்பே சொல்லியாகிவிட்டது. இது இவர்களுக்கு.