கீழ்த்தட்டு ஒயின்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பல் டாக்டர் தன் சிகிச்சை அறையில், தன் நண்பர்களான கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கும் தையல்காரருக்கும் வாய் கொப்பளிக்கும் கண்ணாடிக் குவளைகளில் சிவப்பு ஒயினை ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஜன்னல் வெயில் குவளைகளைத் துளைத்து, மேசைமேல் காயும் பல்செட்டுகளின் ஈறுகளில் இன்னும் கொஞ்சம் சிவப்பைப் பூசுகிறது. மலிவாகவும் நன்றாகவும் இருக்கிற ஒயினைத் தேடிப்பிடித்து மற்ற இருவருக்கும் சொல்ல வேண்டும் என்பது இந்த மூவருக்குள் ஏற்பாடு. “தெருமுனைக் கடையில, கீழ்த்தட்டுல இருக்கும். சினிமா டிக்கெட் விலைதான். தாராளமா வாங்குங்க” என்கிறார் டாக்டர். நல்ல சரக்கைக் கண்டுபிடித்தவன் இவ்வளவு தாராளமாகவா சொல்வான்? கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கு எங்கேயோ இடிக்கிறது. ஒரு மிடறு விழுங்குகிறார். தொண்டைக்குள் யாரோ வெல்வெட்டுத் துணி விரிக்கிறார்கள். உடனே முகத்தைச் சுளிக்கிறார். அந்தச் சுளிப்பில் மேசைமேலிருக்கும் பல்செட்டுகளுக்கே கூசுகிறது. பக்கத்தில் இருக்கும் தையல்காரர் அவருடைய மச்சான். ருசி தெரிந்தால் சாயங்காலத்துக்குள் கடையையே காலி செய்துவிடுகிற ஆள். “என்ன மச்சான், புளிக்குதா?” என்கிறார் தையல்காரர். “சகிக்கல. உனக்கு?” “எனக்கும்தான். சுத்த வினிகர்.” சொல்லிக்கொண்டே தையல்காரர் மூன்றாம் தடவையாகக் குவளையை நீட்டுகிறார். மேசைக்கடியில் அவருடைய இடது கால் செருப்பைத் தேடுகிறது. கடிகாரக்காரர் அந்தச் செருப்பைத் தன் காலால் மெல்ல அப்பால் தள்ளுகிறார். டாக்டர் பச்சைப் பிள்ளைபோல இருவரையும் பார்த்துவிட்டு, கடைசிச் சொட்டைத் தன் குவளைக்குள் கவிழ்த்துக்கொள்கிறார். கடையில் மிச்சமிருந்த ஒரே பாட்டிலைத்தான் அவர் காலையில் வாங்கி வந்தார்.