தெற்கு முக்கில் ஒரு பேரம்

தெற்கு முக்கில் ஒரு நிமிடத்துக்கு அன்று கேட்ட விலை முந்நூறு ரூபாய். நகரின் புதிய போக்குவரத்துத் திட்டப்படி, அவசரக்காரனின் கார் முன்னால் நிற்கும் கார்களிடம் தானே விலை பேசி வழி வாங்க வேண்டும். பருப்பு மண்டி தவசிமுத்து, தானே பதறினாலும் முதல் விலைக்கு மசியக்கூடாது என்று தன் காரைப் பழக்கியிருந்தார். இப்போது பின்சீட்டில் மகள் கோமதி பிரசவ வலியில் துடித்தாள்.

"கேட்டதக் குடுத்துத் தொலைங்களேன்!" என்று மனைவி கத்தினாள்.

"குடுத்துரு!" என்று அவர் காரிடம் அலறினார்.

"பதறாதீங்க முதலாளி, முன்னால நிக்கிறவன் இன்னும் விலை இறங்குவான்," என்றது கார்.

வழி கிடைப்பதற்குள் பின்சீட்டில் குழந்தை வீறிட்டது.

"பேத்தி பொறந்துட்டா. இனி நிதானமாவே பேசச் சொல்லுங்க!" என்றாள் மனைவி.

கார் கணக்கு வாசித்தது: "கேட்டது முந்நூறு, முடிச்சது நூத்தியெண்பது, மிச்சம் நூத்தியிருபது. வழியில ஏறின புது ஆளுக்குச் சாலைக் கட்டணம் பாக்கி."