காற்றுப் பட்டால் சிவக்கும்
உப்புவெளிச் சோதனைச்சாவடியின் தகரக் கூரையில் வெயில் கொதிக்கிறது. மணலில் முழங்காலிட்டிருக்கும் இறைச்சிக் கடைக்காரர் ஜுனைதீனின் பிடரியில் துப்பாக்கி முனை அழுத்துகிறது. உதடு கிழிந்து சட்டையில் இரத்தம் ஒழுகுகிறது. விருந்தினர் விடுதிக்கு அவர் கொண்டுபோகும் பைகள் முன்னால் கிடக்கின்றன. காற்றை உறிஞ்சி ஒட்டிய பொலித்தீனுக்குள் இறைச்சி ஊதாக் கறுப்பாக இருக்கிறது. "மாடு சிவப்பு. இது கறுப்பு. மனுசனா?" என்று கத்தும் சிப்பாய் கத்தியால் ஒரு பையைக் கிழிக்கிறான். பின்னால் நிற்பவன் துப்பாக்கிக் கட்டையால் ஜுனைதீனின் முதுகில் மறுபடியும் இடிக்கிறான். "அடிக்காதீங்க சேர்! மாட்டிறைச்சிதான். காத்துப் பட்டாச் சிவக்கும், கொஞ்சம் பொறுத்துப் பாருங்க" என்கிறாள் பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி பரீனா. பைகளை ஒட்டியவள் அவள்தான். "சிவப்பு வராட்டி இவனும் இறைச்சி" என்று சிப்பாய் சிரிக்கிறான். கிழிந்த பையின் இறைச்சியில் ஈக்கள் வந்து அமர்கின்றன. வெட்டிய இடத்தில் மங்கலாக ஒரு சிவப்பு தோன்றி, ஓரங்களுக்குப் பரவுகிறது. சிப்பாய் குனிந்து பார்க்கிறான். துப்பாக்கி முனை பிடரியைவிட்டு விலகுகிறது. "மற்றதும் வெட்டு" என்று கத்தியை அவளிடம் நீட்டுகிறான். பரீனா ஒவ்வொரு பையாகக் கிழிக்கிறாள். வெயிலில் இறைச்சி எல்லாம் சிவந்துகொண்டிருக்க, ஜுனைதீனின் சட்டையில் இரத்தம் கறுத்துக் காய்கிறது.