ஐஸைப் பார்த்தவர்

“விமானத்தை நிறுத்தச் சொல்லும்மா! இன்ஜின்ல ஐஸ் பிடிச்சிருக்கு. என் கண்ணால பார்த்தேன்!”

ஆம்ப்ரோஸ் ஹைன்ஸ் இருக்கையை விட்டு எழுந்தேவிட்டார்.

கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரில் காலையிலிருந்தே உறைபனி மூட்டம். ஹாலிஃபாக்ஸ் போகும் விமானம் ஓடுபாதையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. பணிப்பெண் பிரைடி ஓடி வந்தாள்.

“முதல்ல உட்காருங்க சார். இறக்கையில மருந்தடிச்சு ஐஸை எடுத்தாச்சு.”

“இறக்கையை யாரு கேட்டா? நான் சொல்றது இன்ஜின்!”

“ஐயா இன்ஜினியரோ?” என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

“மீன் பிடிக்கிறவன். குளிர்காலம் பூரா படகுல ஐஸை வெட்டி எறியறவன். எனக்கா ஐஸ் தெரியாது?”

“அப்ப மீனைப் பாருங்க. ஹாலிஃபாக்ஸ்ல நான் வேற விமானம் பிடிக்கணும்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆம்ப்ரோஸுக்குக் காது சுட்டது. ஆனாலும் உட்காரவில்லை.

பிரைடி வேறு வழியில்லாமல் விமானியிடம் சொன்னாள். விமானம் புறப்பட்ட வாசலுக்கே திரும்பியது. “ஒருத்தர் உளறினா இத்தனை பேரும் அனுபவிக்கணுமா?” என்று முணுமுணுப்பு எழுந்தது.

கதவைத் திறந்து வைத்தார்கள். கீழே மெக்கானிக் ஏணி போட்டு ஏறி, இன்ஜினுக்குள் தலையை நுழைத்தார். அப்புறம் வெப்பக் காற்று ஊதும் வண்டி வந்தது.

கடைசியில் ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் ஒலித்தது. “இன்ஜின் விசிறியில ஐஸ் கட்டியாப் பிடிச்சிருந்தது. அப்படியே முழு வேகம் கொடுத்திருந்தா, தரையை விட்டு எழும்பும்போதே இன்ஜின் நின்னிருக்கலாம். பார்த்துச் சொன்னவருக்கு நாம எல்லாருமே கடமைப்பட்டிருக்கோம்.”

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. பக்கத்து இருக்கைக்காரர் ஆம்ப்ரோஸின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

கேப்டனே நேரில் வந்து அவர் காதருகில் குனிந்தார்.

“ஒரு சந்தேகம் சார். ஐஸ் இருந்தது விசிறியோட பின்பக்கம். எந்த ஜன்னல்லேருந்து பார்த்தாலும் தெரியாது. மெக்கானிக்கே டார்ச் அடிச்சுத்தான் கண்டுபிடிச்சார். நீங்க எப்படிப் பார்த்தீங்க?”

ஆம்ப்ரோஸ் வாசல் பக்கம் பார்த்தார். குளிரில் சிவந்த மூக்கோடு, மூச்சு வாங்க ஒரு பெண்மணி உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

“நான் எதையும் பார்க்கல கேப்டன்,” என்றார் தாழ்ந்த குரலில். “இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்னு சண்டை போட்டுட்டுக் கிளம்பி வந்துட்டேன். நீங்க கதவைச் சாத்தின பிறகு போன் பண்றா என் பொண்டாட்டி, ‘நானும் வர்றேன், டிக்கெட் எடுத்துட்டேன், இருங்க’ன்னு!”