இருபத்தேழு திருடர்கள்

பதினோராம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தும்போதே எனக்குள் இருந்த துப்பறிவாளன் விழித்துக்கொண்டான்.

கேள்வி சின்னது. 6.3 கிராம் ஆக்ஸாலிக் அமிலப் படிகத்தை ஒரு லிட்டர் கரைசலாக்கினால் அதன் மோலாரிட்டி என்ன? மூலக்கூறு எடை தெரியாதவர்கள் லேப் மேசையில் இருக்கும் பாட்டிலைப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அதெல்லாம் மனப்பாடம். இருபத்திரண்டு வருட சர்வீஸ் இல்லையா? முந்தின நாளே 0.07 என்று சீட்டில் எழுதி டிராயரில் வைத்துவிட்டேன்.

இருபத்தெட்டுப் பேரில் இருபத்தேழு பேர் 0.05 என்று எழுதியிருந்தார்கள். ஒரே தப்பை இத்தனை பேர் தனித்தனியாகச் செய்வார்களா? காப்பியேதான்! எழிலன் மட்டும் 0.07. காலையில் என் டிராயரிலிருந்து சாக்பீஸ் எடுத்து வந்து கொடுத்த பரம சாது.

தலைமையாசிரியர் திருஞானசம்பந்தத்தை, வகுப்பு மொத்தமும் உட்கார்ந்திருந்த லேபுக்கே அழைத்து வந்தேன்.

“எழிலனைத் தவிர எல்லாருக்கும் சைபர் சார். நாளைக்கே அப்பாவைக் கூட்டிட்டு வரணும்.”

நௌஷின் எழுந்தாள். “எங்க வாப்பா ஷார்ஜாவுல இருக்காங்க சார். இதுக்காக ஃப்ளைட் ஏறி வரணுமா? அதுக்கு முன்னாடி அந்த பாட்டில் லேபிளை ஒரு தடவை படிச்சிடுங்களேன்.”

காரைக்கால் உப்புக்காற்றில் ஓரம் அரித்திருந்த லேபிளைத் தலைமையாசிரியர் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

“நூத்தி இருபத்தாறுன்னு போட்டிருக்கே. நீங்க எவ்வளவு எடுத்தீங்க, தெட்சிணாமூர்த்தி சார்?”

“தொண்ணூறு” என்றேன். சொல்லும்போதே உறைத்தது. படிகத்துக்குள் இருக்கும் தண்ணீரின் எடையைச் சேர்க்க மறந்திருக்கிறேன். அதை மறக்காதீர்கள் என்று வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துகிறவனும் நான்தான். 126-ஆல் வகுத்தால் 0.05. இருபத்தேழு பேரும் சரி.

எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவமானமாக இருந்தது.

எழிலனும் என்னைப் போலத் தண்ணீரை மறந்துவிட்டான் போலிருக்கிறது, பாவம் என்று அவன் தாளை எடுத்தேன். 126 என்று அழகாக எழுதி, வகுத்து, 0.05 என்று விடையும் கண்டிருந்தான். பிறகு அதை அடித்துவிட்டு 0.07 என்று எழுதியிருந்தான்.

“ஏன்டா மாத்துனே?”

எழிலன் தலையைக் குனிந்துகொண்டான். “சாக்பீஸ் எடுக்கறப்ப சீட்டைப் பார்த்துட்டேன் சார். நீங்க போய் தப்பாப் போடுவீங்கன்னு நினைக்கலை.”

வகுப்பிலேயே என் கெமிஸ்ட்ரியை மனதார நம்பியவன் அந்த ஒரே ஒரு திருடன்தான்.