லூசியனுக்கு எரிகிறது

“ஐயோ, எரியுதுங்க! தீயா எரியுது!”

கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்திப் பிடித்தபடி லூசியன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்தான். சாரம் பகுதியில் இருக்கும் கோவிந்தசாமியின் மருந்துக் கடைக்கு அவன் இப்படி ஓடிவருவது புதிதல்ல. வாரம் தவறாமல் வருவான். ஒரு புட்டி பரு லோஷன் வாங்குவான். அதற்குமுன் போன வாரத்துப் புட்டியைப் பற்றி ஒரு பாட்டம் அழுது தீர்ப்பான்.

சாலிசிலிக் ஆசிட்டைப் போட்டு கோவிந்தசாமி தன் கையாலேயே கலக்கும் லோஷன் அது. பெரிய ஜாடியிலிருந்து சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பது அவருடைய மகள் அஞ்சலாட்சியின் வேலை.

“எங்க எரியுது?” என்றாள் அஞ்சலாட்சி.

“இங்க. அப்புறம் இதோ, இங்க. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லீங்க. காலையில கண்ணாடியில பாத்தா தோலு உரியுது, அவிச்ச உருளைக்கிழங்கு மாதிரி.”

“கைக்குட்டைய எடுத்துட்டுக் காட்டுங்க.”

“வேணாங்க. பயந்துடுவீங்க.”

கோவிந்தசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. “இன்னாப்பா நீ? லாஸ்பேட்டை காலேஜ் பொண்ணுங்கள்ல பாதிப் பேரு மூஞ்சி என் லோஷன்லதான் மின்னுது. மேட்டுப்பாளையம் கம்பெனியில வேலை செய்யுறானே கொளஞ்சி, அவனுக்கு ஒரு சொட்டு தொட்டு வைடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கல்யாண அவசரம், அரைப் புட்டியை ஊத்தி மூஞ்சி கழுவிட்டான். மொகமெல்லாம் கருகி, தாலி கட்டுறப்ப பொண்ணுக்குப் பதிலா மாப்பிள்ளதான் தலை குனிஞ்சு உக்காந்திருந்தான். ஆனா தோலு உரிஞ்சு முடிஞ்சதும் பரு ஒண்ணு கூட இல்ல! உனக்கு மட்டும் எரிச்சலும் நிக்கல, பருவும் போகல. உன் மூஞ்சிய எந்தக் கல்லுல செஞ்சாங்க?”

லூசியனின் பரு சாதாரணப் பரு அல்ல. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த அவன் அப்பா ரேமோன், பையனைப் பிரான்சில் இருக்கும் அண்ணனிடம் அனுப்ப எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ ஒன்றுதான் பாக்கி. மேடும் பள்ளமுமாக ஒரு மூஞ்சியைப் படம் பிடித்துக் கொடுத்தால், பிரெஞ்சு கான்சல் ஆபீசில் ஆளே வேறு என்று தூக்கி எறிந்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. ஆகவே பரு போக வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், பையன் பிளேன் ஏற வேண்டும்.

அஞ்சலாட்சிக்கு இதெல்லாம் தெரியும். பரு போனால் லூசியனும் போய்விடுவான். ஆனால் போகாதே என்று சொல்ல அவள் யார்? அவனோ வாயைத் திறந்தால் பருவைத் தவிர வேறு பேச்சே இல்லை. எதிரில் ஒருத்தி புதுத் தாவணியும் கனகாம்பரமுமாக நிற்பதைக் கண் பார்க்கத்தான் செய்தது. வாய்தான் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசியது.

“இவ்வளவு எரிஞ்சா உன் உடம்புக்கு ஆசிட்டு ஆகலன்னு அர்த்தம். இன்னியோட நிறுத்திடு” என்றார் கோவிந்தசாமி.

லூசியன் பதறிப்போனான். “நிறுத்துறதா? ஐயையோ, வேணாங்க! மருந்துன்னா எரியத்தான் செய்யும். நான் தாங்கிக்கிறேன். இன்னொரு புட்டி குடுங்க.”

அஞ்சலாட்சி அலமாரிக்குப் பின்னால் போய்ப் புட்டியை நிரப்பிக்கொண்டு வந்து வைத்தாள். அவன் அதை எடுப்பதற்குள் வாசலில் ரேமோனின் குரல் கேட்டது.

“இங்கதான் இருப்பன்னு நெனைச்சேன். போதும்டா. பரு இருந்தாலும் சரி, மூஞ்சியே இல்லன்னாலும் சரி, நாளைக்குக் காலையில போட்டோ.”

“பப்பா, பருவோட எடுத்தா கான்சல்ல...”

“ஸ்டூடியோக்காரன்கிட்ட பேசிட்டேன். நெகட்டிவ்ல பென்சில் வச்சு அவனே எல்லாப் பருவையும் அழிச்சுடுவானாம். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நீ இந்நேரம் பாரீசுல இருந்திருப்ப!”

லூசியன் முகம் செத்துவிட்டது. அஞ்சலாட்சியைப் பார்த்தான். அவளும் அவனையே பார்த்தாள். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அவன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

“எரியுதுங்க” என்றான்.

அஞ்சலாட்சிக்கு அழுகை, ஆத்திரம், சிரிப்பு மூன்றும் ஒன்றாக வந்தன. புட்டியின் மூடியைத் திருகி எறிந்தாள். அண்ணாந்து மடமடவென்று குடித்தாள்.

“அடியேய்! ஆசிட்டுடீ!” என்று கோவிந்தசாமி அலறினார். ரேமோன் சிலுவை போட்டுக்கொண்டார். லூசியன் மேசையை ஒரே தாவாகத் தாண்டிப் போய் அவள் கையைப் பிடித்தான். “துப்பு அஞ்சலாட்சி! துப்பிடு! ஐயோ, துப்பேன்!”

அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “பன்னீருதாம்பா. மொத புட்டியிலேருந்தே இவருக்கு நான் பன்னீருதான் ஊத்திக் குடுக்குறேன். பரு போனா இவரும் போயிடுவாரே!”

ரேமோன் மகனைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப எரியுது, உரியுதுன்னு இவன் இத்தினி நாளா குதிச்சதெல்லாம் இன்னாம்மா?”

“அதைத்தாங்க அவரு வாயால சொல்லுவாரு, சொல்லுவாருன்னு நானும் இத்தினி நாளா பாத்துக்கினு இருக்கேன்!” என்றாள் அஞ்சலாட்சி.